அறிவுசார் குறைபாடுள்ள இளையோர்: விளையாட்டும் உடல்நலமும்

அறிவுசார் குறைபாடு என்பது ஒரு நோய் அன்று. கற்றல், காரணம் அறிதல், சிக்கலைத் தீர்த்தல் போன்ற அறிவுச் செயல்களிலும், பணத்தைக் கையாளுதல், தனியே பேருந்தில் போய் வருதல், பிறருடன் பழகுதல் போன்ற அன்றாடத் திறன்களிலும் வளரும் பருவத்திலேயே தோன்றும் குறிப்பிடத்தக்க பின்னடைவை இச்சொல் குறிக்கிறது. நுண்ணறிவு ஈவு ஏறத்தாழ 70 அல்லது அதற்குக் கீழே இருப்பது ஓர் அளவுகோல். அந்த எண்ணை மட்டும் வைத்து எவரையும் முடிவு செய்துவிட முடியாது. அன்றாடத் திறன்களையும் சேர்த்தே மதிப்பிடுவார்கள். டவுன் கூட்டறிகுறி போன்ற மரபணுக் காரணங்கள், கருவில் அயோடின் குறைவு, பிறக்கும்போது மூளைக்கு ஆக்சிஜன் கிடைக்காமை, குழந்தைப் பருவ மூளைக்காய்ச்சல் எனக் காரணங்கள் பல. பலருக்குக் காரணமே தெரிவதில்லை. இதை மனநோயுடன் குழப்பிக்கொள்வோர் இன்றும் உண்டு. இரண்டும் வேறு.

தமிழில் முன்பு ‘மனவளர்ச்சி குன்றியோர்’ என்ற சொல் அரசு ஆவணங்களிலும் நாளிதழ்களிலும் வழங்கியது. அமெரிக்காவில் இதற்கு இணையான பழைய ஆங்கிலச் சொல்லை 2010ஆம் ஆண்டின் ரோசா சட்டம் நடுவண் அரசுச் சட்டங்களிலிருந்து நீக்கியது. சொல் மாறியதைப் போல விரைவாக மாறாத ஒன்று உண்டு: இவர்களால் ஓட முடியாது, ஆட முடியாது, விதிகளைப் புரிந்துகொள்ள முடியாது என்ற எண்ணம். அந்த எண்ணம் தவறு என்பது அறுபது ஆண்டுகளுக்கு முன்பே அளந்து காட்டப்பட்டது.

அளந்து காட்டியவர்

1960களின் தொடக்கத்தில் கனடாவின் டொராண்டோவில் பிராங்க் ஹேடன் என்ற உடற்கல்வி ஆய்வாளர், அறிவுசார் குறைபாடுள்ள பள்ளிக் குழந்தைகளின் உடற்தகுதியைச் சோதித்தார். மற்ற குழந்தைகளோடு ஒப்பிட்டால் அவர்களின் தகுதி மிகவும் தாழ்ந்திருந்தது. குறைபாடே இதற்குக் காரணம் என்றுதான் அக்காலத்தில் பலரும் நம்பினார்கள். ஹேடன் அந்தக் குழந்தைகளுக்குத் தொடர்ந்து உடற்பயிற்சி கொடுத்துப் பார்த்தார். தகுதி உயர்ந்தது. உட்கார வைக்கப்பட்டிருந்ததால்தான் அவர்கள் தளர்ந்திருந்தார்கள் என்பது தெளிவானது. உடற்கல்வி வகுப்பில் ஓரமாக நிறுத்தப்பட்ட குழந்தைக்கு மூச்சு வாங்குவதில் வியப்பென்ன?

இதே காலத்தில் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் யூனிஸ் கென்னடி சுரைவர் தம் வீட்டுப் புல்வெளியில் ஒரு கோடை முகாம் நடத்தினார். குடியரசுத் தலைவர் ஜான் எஃப். கென்னடியின் தங்கை அவர். அவருடைய அக்கா ரோஸ்மேரிக்கு அறிவுசார் குறைபாடு இருந்தது. 1941இல், 23 வயதில், தந்தையின் முடிவின்பேரில் ரோஸ்மேரிக்கு மூளையின் முன்பகுதியில் அறுவை செய்யப்பட்டது. நடப்பதும் பேசுவதும் பெரிதும் பாதிக்கப்பட்டு, வாழ்நாளின் எஞ்சிய பகுதியைக் காப்பகத்திலேயே கழித்தார், 2005இல் மறைந்தார். அறுவைக்கு முன் அந்த ரோஸ்மேரி நீந்தியவர், படகு செலுத்தியவர், உடன்பிறந்தாரோடு ஓடி விளையாடியவர். 1962இல் யூனிஸ் ஓர் இதழில் தம் அக்காவைப் பற்றி வெளிப்படையாக எழுதினார். பெரிய குடும்பங்கள் இத்தகைய பிள்ளைகளைப் பற்றி வாய் திறக்காத காலம் அது. அதே ஆண்டு ஜூனில்தான் முதல் முகாமும் நடந்தது. ஏறக்குறைய ஒரு குழந்தைக்கு ஒரு மாணவத் தொண்டர் என்ற கணக்கில் நீச்சல், பந்து விளையாட்டு, குதிரையேற்றம் எல்லாம் கற்றுத் தரப்பட்டன.

ஹேடனின் ஆய்வும் யூனிஸின் முகாமும் சேர்ந்த இடத்தில் மூன்றாவதாக ஒருவர் வந்தார். சிகாகோ நகரப் பூங்காத் துறையில் வேலை பார்த்த இளம் உடற்கல்வி ஆசிரியை ஆன் மெக்லோன், தாம் பயிற்சி அளித்த பிள்ளைகளுக்காக நகர அளவில் ஒரு தடகளப் போட்டி நடத்த விரும்பி, கென்னடி குடும்ப அறக்கட்டளையிடம் உதவி கேட்டார். நகரத்தோடு நிறுத்தாமல் நாடு முழுவதற்கும் நடத்தலாமே என்று யூனிஸ் சொன்னார். 1968 ஜூலை 20 அன்று சிகாகோவின் சோல்ஜர் ஃபீல்டு அரங்கில், அமெரிக்காவிலிருந்தும் கனடாவிலிருந்தும் வந்த ஏறத்தாழ 1,000 பேர் ஓடினார்கள், நீந்தினார்கள், தரை ஹாக்கி ஆடினார்கள். பார்வையாளர் இருக்கைகள் பெரும்பாலும் காலியாகக் கிடந்தன. சிறப்பு ஒலிம்பிக்ஸ் இயக்கம் அன்று தொடங்கியது. (அந்த ஆசிரியை திருமணத்துக்குப் பின் ஆன் பர்க் என்ற பெயரில் சட்டம் படித்து, இல்லினாய் மாநில உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாகவும் ஆனார்.)

1988இல் பன்னாட்டு ஒலிம்பிக் குழு, ‘ஒலிம்பிக்’ என்ற சொல்லைப் பயன்படுத்த இவ்வியக்கத்துக்கு ஏற்பளித்தது. இன்று 170க்கும் மேற்பட்ட நாடுகளில் 30க்கும் மேற்பட்ட விளையாட்டுகளில் பயிற்சியும் போட்டிகளும் நடக்கின்றன. உலகக் கோடைப் போட்டிகள் முதன்முதலாக அமெரிக்காவுக்கு வெளியே நடந்தது 2003இல், அயர்லாந்தின் டப்ளின் நகரில். பின்னர் சாங்காய், ஏதென்ஸ், லாஸ் ஏஞ்சல்ஸ், அபுதாபி, பெர்லின் எனத் தொடர்ந்தன. 2023 பெர்லின் போட்டியில் இந்திய அணி 202 பதக்கங்களுடன் திரும்பியது. அந்த எண்ணை நம் செய்தித்தாள்கள் பெரிதாக வெளியிட்டன. ஆனால் இந்த இயக்கத்தில் பதக்கம் எப்படி வழங்கப்படுகிறது என்பதை அறியாமல் அந்த எண்ணைப் புரிந்துகொள்ள முடியாது.

பிரிவாக்கம்

பத்துப் பேர் 100 மீட்டர் ஓடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் 14 நொடியில் முடிக்கிறார், இன்னொருவர் 31 நொடியில். இருவரையும் ஒரே வரிசையில் நிறுத்தினால் முடிவு முன்பே தெரிந்துவிடும். இரண்டாமவருக்கு அது போட்டியே அன்று. சிறப்பு ஒலிம்பிக்கில் முதலில் தகுதிச் சுற்று நடத்தி, பால், வயது, திறன் ஆகிய மூன்றையும் பார்த்து, ஒத்த திறனுடைய மூன்று முதல் எட்டுப் பேரை ஒரு பிரிவாகச் சேர்ப்பார்கள். 31 நொடிக்காரர் 30, 32, 33 நொடிக்காரர்களோடு ஓடுவார். அந்தப் பிரிவிலும் தங்கம், வெள்ளி, வெண்கலம் உண்டு. நான்காம் இடம் முதல் எட்டாம் இடம் வரை வருவோர்க்கு நாடா அணிவிப்பார்கள்.

இதைக் கேட்டதும் ‘எல்லோருக்கும் பரிசா?’ என்று சிரிப்பவர்கள் உண்டு. குத்துச்சண்டையில் எடைப் பிரிவு இருப்பதைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. பிரிவாக்கம் போட்டியை எளிதாக்குவதில்லை, உண்மையான போட்டியாக்குகிறது. பக்கத்துத் தடத்தில் இருப்பவர் தன்னைவிட அரை நொடி மட்டுமே முன்னே என்று தெரிந்தால்தான் கால் வேகம் கூடும். தகுதிச் சுற்றில் வேண்டுமென்றே மெதுவாக ஓடி, எளிய பிரிவுக்குள் நுழைந்து தங்கம் வாங்க முயல்வதைத் தடுக்கவும் விதி உண்டு: இறுதியில் ஒருவரின் நேரம் அளவுக்கு மீறி மேம்பட்டால் அவர் தகுதி நீக்கப்படலாம்.

எட்டு வயது நிறைந்தவர் போட்டிகளில் கலந்துகொள்ளலாம். மேல் வயது வரம்பு இல்லை. இரண்டு முதல் ஏழு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு ஓடுதல், பிடித்தல், உதைத்தல், ஒற்றைக்காலில் நிற்றல் போன்ற அடிப்படை அசைவுகளை விளையாட்டாகவே பழக்கும் தனித் திட்டம் இருக்கிறது.

பாராலிம்பிக் வேறு

சிறப்பு ஒலிம்பிக்கையும் பாராலிம்பிக்கையும் ஒன்றாக எழுதுவது இதழ்களில் அடிக்கடி நேரும் பிழை. பாராலிம்பிக் உயர்நிலைப் போட்டி; தகுதி நேரம் எட்டுவோர்க்கு மட்டுமே இடம். உடல், பார்வைக் குறைபாடுள்ளோரே அதில் பெரும்பான்மை. அறிவுசார் குறைபாடுள்ளோர்க்கான பிரிவு 1996 அட்லாண்டாவில் நுழைந்தது, நான்கே ஆண்டுகளில் மூடப்பட்டது. 2000 சிட்னி பாராலிம்பிக்கில் தங்கம் வென்ற ஸ்பெயின் கூடைப்பந்து அணியின் 12 பேரில் 10 பேருக்கு எக்குறைபாடும் இல்லை என்பது வெளிப்பட்டதே காரணம். ஏமாற்றியவர்கள் குறைபாடற்றவர்கள், தண்டனை அனுபவித்தவர்களோ குறைபாடுள்ள வீரர்கள். ஏதென்ஸிலும் பெய்ஜிங்கிலும் அவர்களுக்குப் போட்டிகள் இல்லை. சோதனை முறைகள் இறுக்கப்பட்ட பின், 2012 இலண்டனில் தடகளம், நீச்சல், மேசைப்பந்து ஆகிய மூன்றில் மட்டும் கதவு மீண்டும் திறந்தது.

அந்தக் கதவு வழியாக வந்தவர்களில் ஒருவர் தெலங்கானாவின் வாரங்கல் மாவட்டத்தைச் சேர்ந்த தீப்தி ஜீவன்ஜி. கூலி வேலை செய்த பெற்றோரின் மகள். ஊரார் ஏளனம் செய்து வளர்ந்த பெண் என்பதை அவர் குடும்பத்தாரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்கள். பள்ளியில் ஓடியபோது பயிற்சியாளர் கண்ணில் பட்டார். 2024 மே மாதம் ஜப்பானின் கோபேயில் நடந்த உலக பாரா தடகளப் போட்டியில் டி20 பிரிவு 400 மீட்டரை 55.07 நொடியில் ஓடி உலகச் சாதனை படைத்தார். அதே ஆண்டு பாரிசில் வெண்கலம் வென்றார்.

சேர்ந்து ஆடுதல்

சிறப்பு ஒலிம்பிக்கைப் பற்றிய கடுமையான குற்றச்சாட்டு, அது இவர்களைத் தனியே ஒரு வேலிக்குள் வைத்துக் கைதட்டுகிறது என்பது. அதில் உண்மை இருந்தது. தொடக்கக் காலத்தில் ஓடுதடத்தின் முடிவில் ‘கட்டியணைப்போர்’ என்றே தொண்டர்களை நிறுத்தி வைத்திருந்தார்கள். ஓடி முடிக்கும் ஒவ்வொருவரையும், வயது வந்தவரையும்கூட, முன்பின் அறியாத ஒருவர் கட்டிப்பிடிப்பார். வேறெந்த ஓட்டக்காரருக்கு இது நடக்கும்? அன்பாகத் தொடங்கிய பழக்கம் அவமதிப்பாகவும் இருக்க முடியும் என்பது பிறகே உணரப்பட்டது.

இக்குறையைப் போக்க 1980களின் இறுதியில் உருவானதுதான் இணைந்த விளையாட்டு. அறிவுசார் குறைபாடுள்ள வீரர்களும், குறைபாடு இல்லாத இணை ஆட்டக்காரர்களும் ஒரே அணியில் ஆடுவார்கள். கூடைப்பந்தில் எந்நேரமும் களத்தில் மூன்று வீரர், இரண்டு இணையர். பதினொருவர் கால்பந்தில் ஆறு வீரர், ஐந்து இணையர். காயமுற்ற ஒருவருக்கு மாற்று இறங்கும்போதும் இவ்விகிதம் குலையக் கூடாது. வயதும் திறனும் ஒத்தவர்களையே சேர்க்க வேண்டும். பயிற்சி நோக்கத்துக்கும் பொழுதுபோக்குக்கும் இதைவிடத் தளர்ந்த விதிகளுடன் வேறு இரண்டு வடிவங்களும் உண்டு.

விதி இருந்தாலும் வழுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. நன்றாக ஆடத் தெரிந்த இணையர் பந்தைத் தாமே வைத்துக்கொண்டு ஓட, மற்றவர்கள் எண்ணிக்கைக்கு நின்றால், அது சேர்ந்து ஆடுவது ஆகாது. இதற்கு நேர்மாறான தவறும் உண்டு: இணையர் வேண்டுமென்றே பந்தை விட்டுக்கொடுத்து, எதிரணியும் ஒதுங்கி நின்று, ஒரு கோல் போட வைத்து ஆரவாரம் செய்வது. தனக்காக ஆட்டம் நிறுத்தப்பட்டது என்பதை அந்த வீரர் பெரும்பாலும் கண்டுகொள்வார். ஒருவர் எத்தனை முறை பந்தைத் தொட்டார், எத்தனை முறை தானே முடிவெடுத்தார் என்று எண்ணிப் பார்ப்பது பயிற்சியாளருக்கு நல்ல அளவுகோல்.

பெரிய மைதானம் இல்லாத பள்ளிகளுக்கு ஏற்ற ஆட்டம் போச்சே. இத்தாலியிலிருந்து வந்தது, கோலிக்குண்டு ஆடிய யாருக்கும் உடனே புரியும். சிறிய இலக்குப் பந்து ஒன்றை முதலில் உருட்டிவிட்டு, ஓரணிக்கு நான்கு எனப் பெரிய பந்துகளை அதற்கு மிக அருகே போய் நிற்கும்படி உருட்ட வேண்டும். எதிராளியின் பந்தைத் தட்டிவிடலாம். ஓடத் தேவையில்லை, சக்கர நாற்காலியிலும் ஆடலாம், வேகத்தைவிடக் கைப்பதமே வெல்லும். இதில் குறைபாடு உள்ளவர் இல்லாதவரைத் தோற்கடிப்பது அன்றாடம் நடக்கும் செய்தி.

வாய்க்குள்ளும் காதுக்குள்ளும்

விளையாட்டு வழியாக வெளிச்சத்துக்கு வந்த இன்னொரு உண்மை உடல்நலம் பற்றியது. அறிவுசார் குறைபாடுள்ளோர் மற்றவர்களைவிடக் குறைந்த வயதில் இறக்கிறார்கள் என்பது பல நாடுகளில் கண்டறியப்பட்ட உண்மை. அதில் ஒரு பகுதி குறைபாட்டோடு வரும் நோய்களால் ஏற்படுவது. டவுன் கூட்டறிகுறியுடன் பிறப்போரில் ஏறத்தாழ பாதிப் பேருக்குப் பிறவி இதயக் குறை உண்டு. தைராய்டு குறைபாடும் மிகுதி. ஆனால் தடுத்திருக்கக்கூடிய, தீர்த்திருக்கக்கூடிய சிக்கல்களாலும் பலர் துன்புறுகிறார்கள்.

1991 மினியாபொலிஸ் உலகப் போட்டியின்போதே வீரர்களின் கண்களைச் சோதிக்கும் முயற்சி தொடங்கியது. 1997இல் கண், பல், காது, பாதம் எனப் பலவற்றையும் இலவசமாகச் சோதிக்கும் ‘நலமான வீரர்கள்’ திட்டமாக அது விரிந்தது. சோதனைக் கூடாரங்களில் திரும்பத் திரும்பக் காணப்பட்டவை: சீழ் கட்டிய பற்கள், ஒருபோதும் கண்ணாடி போடாத பார்வைக்குறை, காதை அடைத்துக்கொண்ட குறும்பி, அளவு பொருந்தாத காலணிகள். காதில் குறும்பி அடைத்தவர் பயிற்சியாளர் சொல்வதைக் கேட்காமல் நின்றால், ‘புரியவில்லை’ என்று அறிவின் கணக்கில் எழுதிவிடுவார்கள். பல்வலியால் தலையைச் சுவரில் இடித்துக்கொள்பவரை ‘நடத்தைச் சிக்கல்’ என்று சொல்லி உறக்க மருந்து கொடுத்துவிடுவார்கள். எந்த அறிகுறியைக் கண்டாலும் அதைக் குறைபாட்டின் தலையிலேயே போடும் இந்தப் பழக்கம் மருத்துவர்களிடமும் உண்டு. மருத்துவப் படிப்பில் இவர்களைப் பற்றிய பாடம் மிகக் குறைவு என்பதே முதன்மைக் காரணம். எனவே இச்சோதனைக் கூடாரங்கள் வீரர்களுக்கு எவ்வளவு பயனோ, அங்கே தொண்டு செய்ய வரும் மருத்துவ மாணவர்களுக்கும் அவ்வளவு பயன். பலருக்கு அறிவுசார் குறைபாடுள்ள ஒருவரோடு நேருக்கு நேர் பேசும் முதல் வாய்ப்பு அதுதான்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சோதனை சிகிச்சை ஆகாது. சொத்தைப்பல் இருக்கிறது என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டால் பல் சரியாகாது. அடுத்த வாரம் அந்தச் சீட்டோடு யார் அழைத்துப் போகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முகாம்கள் நடத்துவோர் எத்தனை பேரைச் சோதித்தோம் என்று அறிக்கை தருகிறார்களே தவிர, எத்தனை பேர் சிகிச்சை முடித்தார்கள் என்று எழுதுவது அரிது.

களத்தில் கவனிக்க வேண்டியவை

பயிற்சி தொடங்குமுன் மருத்துவச் சோதனை தேவை. டவுன் கூட்டறிகுறி உள்ள சிலருக்குக் கழுத்தின் மேல் இரண்டு முள்ளெலும்புகளின் இணைப்பு தளர்ந்திருக்கும். அவர்கள் குட்டிக்கரணம், நீரில் தலைகீழாகப் பாய்தல் போன்றவற்றைச் செய்தால் தண்டுவடம் பாதிக்கப்படலாம். நடையில் திடீர் மாற்றம், கையில் வலுக்குறைவு, கழுத்து வலி தெரிந்தால் பயிற்சியை நிறுத்தி மருத்துவரிடம் காட்ட வேண்டும். அவர்களின் உச்ச இதயத்துடிப்பும் மற்றவர்களைவிடக் குறைவாகவே உயரும். ஆகவே வழக்கமான துடிப்புக் கணக்கை வைத்து விரட்டக் கூடாது. வலிப்பு வருவோர் நீந்தும்போது ஒருவர் கண்ணெடுக்காமல் பார்த்திருக்க வேண்டும். சில மருந்துகள் உடல் எடையைக் கூட்டும், சில வெயிலைத் தாங்கவிடாது.

கற்பிக்கும் முறை எளிது, பொறுமைதான் அரிது. சொல்வதைவிடச் செய்து காட்டுவது பயன்தரும். ஒரு நேரத்தில் ஒரு கட்டளை போதும். ‘பந்தை எடுத்து, திரும்பி, அவனிடம் போட்டுட்டு ஓடி வா’ என்றால் நான்கு வேலை. முதல் வேலையோடு நிறுத்தி, அது படிந்த பின் அடுத்ததைச் சேர்க்கலாம். சொல்லிவிட்டு மனத்துக்குள் பத்து எண்ணும்வரை காத்திருக்க வேண்டும், ஏனென்றால் பதில் தாமதமாக வரும், ஆனால் வரும். ஒவ்வொரு நாளும் ஒரே வரிசையில் பயிற்சி நடந்தால் பதற்றம் குறையும். பரிசாகப் பிஸ்கட்டும் சாக்லேட்டும் கொடுக்கும் பழக்கத்தை விட்டுவிடுவது நல்லது. எடை கூடுவது இவர்களுக்கு ஏற்கெனவே உள்ள சிக்கல்.

இன்னொன்று, விளிக்கும் முறை. இருபத்தைந்து வயது இளைஞரையும் ‘குழந்தை’ என்கிறோம். மேடையில் ‘தெய்வக் குழந்தைகள்’ என்கிறோம். தெய்வமாக்கப்பட்டவருக்குத் தோற்கவும் கோபப்படவும் ‘இன்று எனக்கு ஆட விருப்பமில்லை’ என்று சொல்லவும் உரிமை இல்லாமல் போகிறது. அமெரிக்க நெடுந்தொலைவு ஓட்டக்காரர் லொரெட்டா கிளெய்போர்ன் இவ்வியக்கத்தின் வீரராக வந்து, அதன் பன்னாட்டு ஆட்சிக்குழுவில் உறுப்பினராகி முடிவுகள் எடுத்தவர். வீரர்களே நடுவராகவும் பயிற்சியாளராகவும் பேச்சாளராகவும் ஆவதற்கான பயிற்சி இன்று பல நாடுகளில் தரப்படுகிறது.

பதினெட்டுக்குப் பிறகு

இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், விளையாட்டில் பங்கேற்கும் வாய்ப்பை உறுதிசெய்யுமாறு அரசுகளைப் பணிக்கிறது. சிறப்பு ஒலிம்பிக்ஸ் பாரத் அமைப்பு தேசிய விளையாட்டுக் கூட்டமைப்பாக ஏற்கப்பட்டுள்ளது. தேசிய அறக்கட்டளையின் ‘நிராமயா’ திட்டத்தில் அறிவுசார் குறைபாடுள்ளோர் 1 இலட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு பெறலாம். வெளிநோயாளிச் செலவுகளும் அதில் அடங்கும். பல பெற்றோருக்கு இப்படி ஒரு திட்டம் இருப்பதே தெரியாது.

ஆனால் பயிற்சி பெரும்பாலும் சிறப்புப் பள்ளிகளைச் சார்ந்தே நடக்கிறது. பள்ளி முடிந்ததும் வாரம் மூன்று நாள் ஓடியவர் வீட்டில் தொலைக்காட்சி முன் அமர்கிறார். பெண்களுக்கு இந்த நிறுத்தம் இன்னும் முன்பே வந்துவிடுகிறது. பூப்படைந்ததும் பாதுகாப்புக் கருதி வெளியே அனுப்பத் தயங்கும் பெற்றோரைக் குறை சொல்லவும் முடியாது. அவர்களுக்குத் தேவைப்படுவது பெண் பயிற்சியாளர், பூட்டக்கூடிய கழிப்பறை, போய்வர நம்பிக்கையான வண்டி. இருபது வயதில் பெற்ற உடற்தகுதி இரண்டே ஆண்டுகளில் கரைந்துவிடும். மாலையில் ஊர் இளைஞர்கள் கைப்பந்து ஆடும் திடலிலோ, நகராட்சிப் பூங்காவின் நடைபாதையிலோ, ஏற்கெனவே கூடும் குழுவில் இவர்களில் இருவருக்கு நிலையான இடம் கிடைத்தால் அதற்குத் தனி மைதானமும் வேண்டாம், தனி நிதியும் வேண்டாம். ஓரிரு வாரம் உடன் வந்து பழக்கிவிட ஓர் ஆள் வேண்டும். அதன்பின் வராத நாளில் ‘ஏன் வரவில்லை?’ என்று கேட்க அந்தக் குழுவில் ஒருவர் இருக்க வேண்டும்.